நான் வேண்டாம் என்ற பட்டம்

நேற்று மனைவி புதுப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்க அந்த வாசனை. கைப்பேசியைப் பார்த்தபடி பேத்தி கேட்டாள்: "தாத்தா, இப்பல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு டிகிரியே வேணாமாம். காலேஜை விட்டுடவா?" விளையாட்டாகத்தான் கேட்டாள்.

புளி என்றால் எனக்கு ஜவ்வாது மலை. மலை என்றால் வேடியப்பன்.

எண்பதுகளின் தொடக்கம். வேலூரில், பல கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தரும் ஒரு கணினி நிலையத்தில் நான் மேலாளர். உங்கள் மேஜை மேல் இருப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கணினி ஒரு முழு அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவோம். ஏ.சி.கூட அதற்குத்தான், எங்களுக்கில்லை. பக்கத்து அறையில், கணினி படிக்கும்படி கணக்கை அட்டைகளில் துளைகளாகப் பதிக்கும் துளையிடும் இயந்திரங்கள் நாளெல்லாம் தடதடக்கும். கழித்துப்போட்ட அட்டைகளின் பின்புறத்தில்தான் என் மனைவி மளிகைச் சாமான் எழுதித் தருவாள்.

வேடியப்பன் திருப்பத்தூரில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் வந்து அட்டை துளைத்தான். விசைகளைப் பார்க்காமலே விரல்கள் ஓடும். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு புளி உருண்டை. ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடு என்றேன். ஊரைக் கேட்க வேண்டும் என்றான். அப்பாவை இல்லையா என்று சிரித்தேன்.

அவனைப் படிக்க அனுப்பியதே ஊர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. காட்டு வேலைக்கு அவன் இல்லாத குறைக்கு, அவன் அப்பாவின் சாமைக் காட்டை வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து உழுது, களையெடுத்து, அறுத்துக் கொடுத்தார்கள்.

நானே மலையேறினேன். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடை. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் ஊரே கூடியிருந்தது. கம்ப்யூட்டருக்குக் கை தெரிந்தால் போதும், பட்டம் எதற்கு என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்:

"அப்போ நீங்க எதுக்கு சார் அத்தினி படிச்சீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நான் படிக்கிறப்போ கம்ப்யூட்டர் ஏதும்மா?" என்றேன். அது பதிலே இல்லை. என் எம்.எஸ்ஸி.யைப் பார்த்துத்தான் மேலாளர் நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். சார் படித்தவர், தெரியாமலா சொல்வார் என்று ஊர்க்கவுண்டர் பேச்சை முடித்துவைத்தார். வேடியப்பன் படிப்பை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டான்.

சில வருஷங்களில் திரை வைத்த இயந்திரங்கள் வந்தன. அட்டைகளை எடைக்குப் போட்டோம். துளைக்கிறவர்களுக்கு வேலை இல்லை. புரோகிராம் எழுத ஆள் வேண்டும், ஆனால் பட்டதாரிகள் மட்டும் என்றது நிர்வாகம். அதற்குள் வேடியப்பன் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதக் கற்றிருந்தான். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் என் பெயர் கெடும் என்று பயம். வெளியே வந்து அவனிடம், டிகிரி மட்டும் இருந்திருந்தால் என்று இழுத்தேன்.

"நீங்கதான சார் வாணாம்னீங்க."

குரலில் கோபமே இல்லை. அன்றைக்கே மலைக்குப் போய்விட்டான்.

அடுத்த புளிப் பருவத்தில் திருப்பத்தூர்ச் சந்தையில் அவன் அப்பாவைப் பார்த்தேன். வேடியப்பன் காட்டு வேலை பார்க்கிறானாம், யாரோடும் பேசுவதில்லையாம். அவன் தங்கை அலமேலு என்ன படிக்கிறாள் என்று கேட்டேன்.

"பத்து முடிச்சிச்சுங்க. மேல படிக்க அனுப்பலாமான்னு ஊரைக் கேட்டேன். படிக்கப் போனவன் இன்னா ஆனான்னாங்க. முறைக்கு யாரும் வர்லன்னுட்டாங்க. கட்டிக் குடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே என் பைக்குள் ஒரு புளி உருண்டையைப் போட்டார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை.

துளையிடும் இயந்திரங்கள் இன்றைக்கு எங்கும் இல்லை. செருப்பைக் கழற்றி நுழைந்த அறையில் ஜவுளிக் கடை இருக்கிறது. அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மலையூரில் ஒரு வீட்டுப் பிள்ளை படிக்கவென்று மற்ற வீட்டார் ஏர் பிடித்துப் போனார்கள். அலமேலுவுக்காகக் கேட்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு அங்கே யாரும் யாரையும் அப்படிக் கேட்கவில்லையாம்.