கால் இல்லாத கச்சேரி

இது நடந்தது. சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு தாசில்தாரே கையெழுத்துப் போடுவார்; ஆனால் அவரால் இப்போது பேனா பிடிக்க முடியாது. 2012 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். பிற்பகல் மூன்று மணி. பேய்கூடக் கண் அசருகிற நேரம்.

என் அக்காவின் கணவர் அடைக்கலராஜ், ஓய்வுபெற்ற தாசில்தார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உலகத் தாளங்களை ஆராயப்போவதாக அறிவித்துவிட்டு, கரீபியன் தீவான குவாதலூப்புக்குக் கிளம்பினார். மாத்திரை எடுத்துக் கொடுக்க நான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்த கை மேளம் ஒன்று அங்கே உண்டு. பெயர் கா. பீப்பாய் உடம்பு, ஆட்டுத்தோல். பதினேழு நாள் கற்றுக்கொண்டார். பதினெட்டாம் நாள் ஆராய்ச்சியாளர் ஆகி, ஒரு மேளத்தோடு ஊர் திரும்பினார்.

கற்றுக்கொடுத்த அம்மாள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கால் போகிற இடத்துக்குக் கை போகும். ஆடுகிறவர் மேளத்தைத் தொட்டு விடைபெறும்வரை கை ஓயக் கூடாது. ஆட ஆளில்லாமல் தொடவே கூடாது.

மண்டபத்து வாசலில் 'அகில உலகத் தாளச் செம்மல்' என்று பேனர். கூட்டம் பதினான்கு பேர், சமோசாவுக்கு வந்தவர்களையும் சேர்த்து.

"ஆட யாரையாச்சும் கூப்டு மாமா," என்றேன்.

"இது கச்சேரிடா. நான் வாசிக்க, எவனோ முன்னாடி குதிச்சிக்கினு இருப்பானா? என் மரியாதை இன்னாத்துக்கு ஆவுறது?"

3:10. நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். 3:14. கரண்ட் போனது.

"சார், இருட்டா இருக்குது, ஒண்ணும் விழாது," என்றார் வீடியோ எடுத்த வல்லரசு.

"எடுப்பா. அப்பவாச்சும் கம்பீரமா தெரிவாரு," என்றேன்.

அன்று நான் சிரித்தது அதோடு சரி.

3:17. தாளம் மாறியது. மாமாவுக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று தாளம். இது நாலாவது.

அவர் மேளத்தைப் பார்க்கவில்லை. மேடைத் தரையைப் பார்த்தார். கண் இடமிருந்து வலம் போனது... வலமிருந்து இடம் வந்தது...

கண்ணுக்குப் பின்னாலேயே கை போனது.

3:22. தோல்மேல் ரத்தம். உள்ளங்கை கிழிந்திருந்தது. வேகம் கூடியது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"நிறுத்துங்க! ஐயோ, நெஞ்சு!" அக்கா ஞானமேரி மேடைக்கு ஓடி ஒரு கையைப் பிடித்தாள். நான் இன்னொரு கையை. எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே அடித்தன அந்தக் கைகள்.

"மச்சான்... முடியலடா... அது நிக்க மாட்டேங்குது..."

"எது மாமா?"

தரையைப் பார்த்து அழுதார்.

"டேய், ஜல்தியா ஏதாச்சும் பண்ணுடா! செத்துடுவாருடா!" அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

கைக்கு ஒரு கால் வேண்டும். வேறு கால்.

3:26. செருப்பைக் கழற்றினேன். ஐம்பது வயதில் முதன்முதலாக ஆடினேன். யாரும் சிரிக்கவில்லை.

தரை ஜில்லென்றிருந்தது.

தாளம் தடுமாறியது... தேடியது... என் காலைப் பிடித்துக்கொண்டது.

தம்... தம் தம்... தம்.

இனி நான் நின்றால் அவர் கையும் நிற்கும். நின்றேன்.

கால் நிற்கவில்லை.

ஆடினேன்...

ஆடினேன்...

எப்படியோ போய் மேளத்தின்மேல் விழுந்தேன்.

சத்தம் நின்றது. 3:45.

மாமா பிழைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. இரண்டு கையிலும் கட்டு.

"உன் கை ஓயணும்னு பத்தொம்போது நிமிஷம் ஆடியிருக்கேன் மாமா," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கட்டுப் போட்ட கைகளைத் தூக்கிக் காட்டினார்.

"நீ மொத அடி வச்சதுமே என் கை நின்னுடுச்சிடா."

நான் நம்பவில்லை. வியாழக்கிழமை வல்லரசுவின் கடைக்குப் போய் வீடியோவைப் போடச் சொன்னேன்.

3:31. ஜன்னல் வெளிச்சத்தில் நான் ஆடுகிறேன். மேடைக்குக் கீழே மாமா படுத்திருக்கிறார். அக்கா அவர் கைகளைத் துண்டால் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

மேளத்துக்குப் பின்னால் நாற்காலி காலி.

சத்தம் கேட்கிறது...

என் காலுக்குச் சரியாக.