ஆற்றுக்குள் நின்ற அலை

2005ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொன்றியலில் சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருடமும் "கால் வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டேன்" என்றுதான் சொல்லி வந்தேன். அது பொய். நான் வழுக்கவில்லை, குதித்தேன். எதற்காகக் குதித்தேன் என்பதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்த வேலை உங்களுக்கு விளங்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து, பன்னிரண்டு வயதில் வள்ளம் ஏறியவன். எண்பத்தாறில் இங்கே வந்து, டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ்க் குசினியில் ஒன்பது வருடம் கோப்பை கழுவினேன். என்னைப்போல வேகமாகக் கழுவியவன் அந்தக் குசினியில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைத் தலைமைச் சமையல்காரனே தன் வாயால் சொல்லியிருக்கிறான். பிறகு வில்லரே என்ற பகுதியில் சொந்தமாக ஒரு கொத்துரொட்டிக் கடை போட்டேன். போட்ட முதல் வருடமே வாசலில் வரிசை நின்றது. குளிர்ப்பெட்டி பழுதானால் நானே கழற்றிப் பூட்டுவேன். பிரெஞ்சில் கடிதம் வந்தால் படத்தைப் பார்த்தே பாதியை விளங்கிக்கொள்வேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் முன்னுக்கு வந்தவன் என்பதுதான் என் பெருமை.

இன்னொரு பெருமையும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் கடலில் வலை இழுக்கும்போது, என் கூட்டாளி ஒருவனின் காலில் வலைக்கயிறு சுற்றிவிட்டது. நீரோட்டம் பேய்த்தனமாக இழுக்கிறது. மிதந்த பலகைகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போகின்றன. அவன் தலை மட்டும் ஓரிடத்திலேயே நிற்கிறது. மற்றவர்கள் அவன் நீந்தி விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும்தான் பொறி தட்டியது. ஓடுகிற தண்ணீரில் ஒருவன் ஓடாமல் நின்றால், அவன் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான். கத்தியை வாயில் கவ்விக்கொண்டு பாய்ந்தேன், கயிற்றை அறுத்தேன். அவன் இன்றைக்கும் பாரிசில் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறான். இந்தக் கதையை என் கடைக்கு வந்தவர்களில் கேட்காமல் போனவர்கள் குறைவு.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் மகளுக்குக் கலியாணம் முடிந்து வந்த முதல் கோடை. சம்பந்தியும் அவர் மனைவியும் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார்கள். சம்பந்தி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு பட்டம். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தங்கமான மனிதர், ஆனால் எதையும் விசாரித்துத்தான் செய்வார். மெற்றோவில் ஏறுவதற்கு முன் இரண்டு பேரிடமாவது கேட்பார். பக்கத்தில் நான் நிற்கும்போதே கேட்பார். அது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பு.

ஆற்றங்கரைப் பூங்காவில் என் மனுசியும் சம்பந்தியின் மனைவியும் பாய் விரித்துப் புட்டுப் பானையையும் மீன்குழம்பையும் எடுத்து வைத்தார்கள். நாங்கள் இருவரும் சற்று நடந்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கியதுபோல ஒரு கட்டடம் அங்கே இருக்கிறது. அதன் பின்னால் பற்றைகளுக்குள்ளால் ஒற்றையடிப் பாதை ஒன்று ஆற்றுக்கு இறங்குகிறது. இறங்க இறங்க இரைச்சல் கூடியது. கடல் இரைவதுபோலவே இருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சம்பந்திக்குப் பாரிஸ் கூட்டாளியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அதை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து பார்த்தால், ஆற்றின் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி நுரைக்கிறது. அந்த நுரைக்குள் ஒரு பெண்பிள்ளை. உடம்பு முழுக்கக் கறுப்பு ரப்பர் உடுப்பு. காலடியில் ஏதோ பலகை மாதிரி. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தள்ளாடுகிறாள். ஒரு மரக்கட்டை அவளுக்குப் பக்கத்தால் அம்புபோலப் போனது. அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். உற்றுப் பார்த்தேன். அவள் கணுக்காலில் ஒரு கயிறு.

சம்பந்தியின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"சம்பந்தி, பாருங்கோ! அந்தப் பிள்ளை மாட்டுப்பட்டுப் போச்சு!"

"இது ஏதோ விளையாட்டுப்போலக் கிடக்கு. அங்கை பாருங்கோ, ரெண்டு பேர் கோப்பி குடிச்சுக்கொண்டு சிரிக்கினம்."

"இவை சிரிப்பினம். ஆக்கள் செத்தாலும் நிண்டு படம்தான் எடுப்பினம்."

"பொறுங்கோ, நான் ஒருக்கால் கேட்டுப்போட்டு வாறன்."

"நீங்கள் கேட்டு முடிய அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்திடும். படிப்பு உங்கடை, தண்ணி என்ரை. விடுங்கோ!"

சப்பாத்தைக் கழற்றினேன். கடையில் பெட்டி வெட்டுகிற மடக்குக் கத்தி எப்போதும் என் காற்சட்டைப் பையில் இருக்கும். அதை விரித்து வாயில் கவ்வினேன். சம்பந்தி என் சட்டையைப் பிடித்தார். பொத்தான் ஒன்று அவர் கையோடு போனது. நான் பாறையிலிருந்து பாய்ந்துவிட்டேன்.

பாய்ந்த நொடியிலேயே விளங்கிவிட்டது, இது எனக்குத் தெரிந்த தண்ணீர் இல்லை என்று. குளிர் நெஞ்சில் உதைத்தது. மூச்சு வரவில்லை. வாயைத் திறந்தேன், கத்தி போய்விட்டது. அந்தப் பிள்ளையை நோக்கி நான்கு கை போட்டிருப்பேன், அதற்குள் அலை என்னை உருட்டி, உள்ளே இழுத்து, மறுபக்கத்தில் துப்பியது. கண்ணைத் திறந்தால் அவள் ஆற்றின் மேல்பக்கம் தூரத்தில் நிற்கிறாள். நான் கீழே போய்க்கொண்டிருக்கிறேன்.

கடலில் வளர்ந்தவனுக்கு ஒரு பாடம் உண்டு. களைத்தால் பதறாதே, மல்லாந்து கிட, அலை வந்து உன்னைக் கரைக்குத் தள்ளும். நான் மல்லாந்து கிடந்தேன். தள்ளுவதற்கு ஒரு அலையும் வரவில்லை. அந்த ஆற்றில் அலை நின்ற இடத்திலேயே நிற்கிறது, தண்ணீர்தான் ஓடுகிறது. நானும் தண்ணீரோடு ஓடினேன். பயம் பிடித்தது. திரும்பிக் கரையை நேரே பார்த்து நீந்தினேன். பத்து வருடமாகக் கொத்துரொட்டி தின்ற வயிறு. எவ்வளவு அடித்தாலும் கரை கிட்ட வரவில்லை, பக்கத்தால் ஓடிக்கொண்டே இருந்தது. கை இரண்டும் கட்டையாகிவிட்டன. அந்த நேரத்தில் கடவுள் நினைவு வரும் என்பார்கள். எனக்கு வந்தது, கடைப் பூட்டின் திறப்பு என் பையில் இருக்கிறதே, நாளைக் காலை யார் கடையைத் திறப்பார்கள் என்ற யோசனைதான். அடுத்தது, மீன்தலையை மனுசி எனக்கென்று எடுத்து வைத்திருப்பாளே என்பது. பிறகு தலைக்கு மேலே பச்சைத் தண்ணீர்.

யாரோ என் சட்டைக் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கினார்கள். அதே பெண்பிள்ளை. நான் பாய்ந்ததைக் கண்டதும் அலையை விட்டுவிட்டு, ஆற்றோடு என் பின்னால் வந்திருக்கிறாள். நான் அவள் கழுத்தைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் தாழ்ந்தோம். அவள் ஒரு முழுக்குப் போட்டு என் பிடியிலிருந்து நழுவி, அடுத்த பக்கத்தால் வந்து, பலகையை என் நெஞ்சுக்குக் கீழே தள்ளினாள். "துஸ்மான், மிசியே, துஸ்மான்" என்றாள். மெதுவாக என்று அர்த்தம். குசினியில் ஒன்பது வருடம் நான் கேட்ட பிரெஞ்சு "விட், விட்". அது கெதியாக, வேகமாக. என் கடையில் வேலை செய்தவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்லி வந்தேன். ஒருவர் என்னிடம் துஸ்மான் என்று சொன்னது அன்றுதான்.

பலகையில் குப்புறக் கிடந்தேன். அவள் பின்னால் பிடித்துக்கொண்டு காலை அடித்தாள். கரைக்குப் போவாள் என்று பார்த்தால், ஆற்றோடு இன்னும் கீழே கொண்டு போகிறாள். இவள் என்னை முடித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். "பிள்ளை, கரை அங்காலை! அங்காலை!" என்று தமிழில் கத்தினேன். அவள் திரும்பவும் துஸ்மான். வளைவு ஒன்று வந்தது. அந்த வளைவுக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டத்தை விட்டுவிட்டு, திரும்பி மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சுற்றுக்குள் எங்களை நுழைத்தாள். அவ்வளவுதான். பிறகு காலடிக்கவும் இல்லை. ஆறு தானாகவே எங்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து கரையில் விட்டது. முழங்கால் கல்லில் தட்டியது. அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கோப்பி குடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் துவாயோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சம்பந்தி. நீந்தவே தெரியாத மனிதர். இடுப்புவரை நனைந்திருந்தார். என்னைப் பிடிக்கவென்று ஆற்றுக்குள் இறங்கி, முடியாமல் ஏறி, கல்லுக்கு மேலால் ஓடி வந்திருக்கிறார். என் சப்பாத்து இரண்டையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். எப்போதும் "நீங்கள்" என்று கதைக்கிறவர், என்னைக் கண்டதும் பழைய அதிபர் ஆகிவிட்டார்.

"உமக்கு அறிவிருக்கோ? ஒரு வார்த்தை கேட்டால் உம்முடைய வாய் தேய்ஞ்சு போகுமோ?"

சொல்லிவிட்டு, அந்தக் கல்லிலேயே குந்தியிருந்து விக்கி விக்கி அழுதார்.

சூடான கோப்பி தந்தார்கள். குளிரில் பல் கிடுகிடுத்ததில் பாதி வெளியே போனது. அந்தப் பெண்பிள்ளை சம்பந்தியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். "ஏன் குதிச்சனீராம்? கத்தி எதுக்காம்?" என்றார் சம்பந்தி. நான் கையால் காட்டினேன், அவளை, அலையை, அவள் காலில் கிடந்த கயிற்றை. அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்தக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். ஒட்டியிருந்த பட்டி சர்ரென்று கழன்று கையில் வந்தது. விழுந்தால் பலகை ஆற்றோடு போகாமல் இருக்கத்தான் அந்தக் கயிறாம். அந்த அலை எப்போதும் அங்கேதான் நிற்குமாம். ஒருவர் விழுந்த பிறகுதான் மற்றவர் இறங்குவாராம். கோப்பி குடித்தவர்கள் தங்கள் முறைக்காகக் காத்து நின்றவர்களாம்.

அந்த இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். கத்தியைக் கவ்விக்கொண்டு நான் பாய்ந்த மாதிரியை ஒருவன் நடித்துக் காட்டினான். நன்றாகத்தான் நடித்தான், எனக்கே சிரிப்பு வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"நாலு வருஷமா இந்த அலைக்கு வாறாவாம். தன்னைக் காப்பாத்தவெண்டு ஒருத்தரும் இதுவரைக்கும் குதிக்கேல்லையாம். உமக்கு மெர்சியெண்டு நன்றி சொல்லட்டாம்."

நான் துவாயால் முகத்தைத் துடைத்தேன். ஆற்றுத் தண்ணீரைத்தான் துடைக்கிறேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

திரும்பி நடக்கும்போது, கால் வழுக்கியது என்று சொல்லுவோம் என்று இருவரும் பேசி முடித்தோம். மனுசி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சம்பந்தியின் கையில் நனையாமல் இருந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். "வழுக்கிறதுக்கு முன்னம் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டோ வழுக்கினவர்?" என்று கேட்டாள். இரண்டு பட்டம் பெற்றவர் சப்பாத்துகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மனுசி போர்வையை எடுத்து என்மேல் சுற்றிவிட்டு, மீன்தலையை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

அந்தக் கோடையிலேயே, சம்பந்தி எழுதிக்கொடுத்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை கூட்டாளிகளோடு என் கடைக்கு வந்தாள். கொத்துரொட்டியைச் சட்டியில் நானே கொத்திக் கொடுத்தேன். பச்சைமிளகாயைக் கடித்துவிட்டுக் கண் கலங்கினாள். "துஸ்மான்" என்றேன். இந்த முறை அவள் சிரித்தாள்.

நானும் சம்பந்தியும் அன்றையிலிருந்து "நீர்" என்று உரிமையோடுதான் கதைக்கிறோம். மெற்றோவில் அவர் வழி கேட்கும்போது நான் பக்கத்தில் பேசாமல் நிற்கிறேன். கடையை இப்போது மகன் பார்க்கிறான் என்றாலும், காலையில் திறப்பது நான்தான். வில்லரேயில் இன்றும் என் ரொட்டிக்கு ஈடான ரொட்டி இல்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பையிலிருந்து அந்தத் திறப்பை எடுக்கும்போது, இது ஆற்றின் அடியில் கிடந்திருக்க வேண்டியது என்று ஒரு நொடி நின்று நினைக்கிறேன். கதவைத் திறந்ததும், வேலைக்கு வந்து காத்து நிற்பவரிடம் "இண்டைக்கு எதிலை தொடங்குவம்?" என்று நானே முதலில் கேட்கிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு முன்பே தெரிந்திருந்தாலும்கூட.