லீவு மாதங்கள்

எனக்கு இருபத்து நான்கு வயதில் கட்டி வந்து, வலது சினைப்பையை எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தபோதே அதைச் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. அதில் ஒளிவுமறைவு இல்லை. தப்பு நடந்தது நான் போட்ட கணக்கில்.

பள்ளியில் படித்தது அரைகுறையாக நினைவில் இருந்தது. சினைப்பை இரண்டு, மாதத்துக்கு ஒரு கருமுட்டை. இரண்டும் மாற்றி மாற்றி வேலை செய்யும் என்று நானே முடிவுகட்டினேன். தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் நிறைந்த ஊரில் பிறந்தவளுக்கு அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது? வலது பக்கம் இல்லாததால் ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் லீவு. கணவரும் சுரங்கத் தொழிலாளியின் மகன்தான். சொன்னதும் தலையாட்டிவிட்டார்.

அவருக்குப் பெங்களூரில் வேலை. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறினால், இருட்டிய பிறகுதான் வந்து விழுவார். பார்க்கப் பாவமாக இருக்கும். லீவு மாதங்களில் அங்கேயே நண்பர்களின் அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவார். இப்படியே நான்கு வருடம் ஓடியது. உண்மையைச் சொன்னால் அந்த மாதங்களில் எனக்கும் நிம்மதி. எதிர்பார்ப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

அப்படி ஒரு லீவு மாதத்தில் இடது அடிவயிறு சுருக்கென்று வலித்தது. இதிலும் கட்டியோ என்று பயந்து ராபர்ட்சன்பேட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. கட்டி இல்லை, முட்டை இருக்கும் நீர்ப்பை, இரண்டொரு நாளில் வெடித்து முட்டை வெளியே வரும் என்றார் டாக்டரம்மா. இந்த மாதம் வராதே என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். முட்டைகள் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே எனக்குள் வந்துவிட்டவையாம். மாதாமாதம் சில நீர்ப்பைகள் சேர்ந்து பெரிதாகும். பெரும்பாலும் அதில் ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை வாடிப்போகும். அந்த ஒன்றும் திடீரென்று வந்ததில்லை, பல மாதமாக உள்ளே வளர்ந்துகொண்டிருந்ததுதான். முறைவைத்து வருவதெல்லாம் கிடையாது. ஒற்றைச் சினைப்பையே மாதாமாதம் முட்டை விடும்.

எனக்குக் கோபம் பொங்கியது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அன்றே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன வெட்கம். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கணவருக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு வூட்டுக்கு வந்துடுங்க."

"இன்னா ஆச்சு? இது லீவு மாசமாச்சே."

"லீவே கெடயாதாம். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

வருவதாக மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வந்தார். அந்த மாதம் நாள் தள்ளிப்போகவில்லை. அதற்கடுத்த மாதங்களிலும் இல்லை. இப்போது எனக்கு நாற்பத்தொன்று. முன்பே தெரிந்திருந்தால் குழந்தை பிறந்திருக்குமா என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. அதை நினைத்து அழவேண்டியதை அழுது தீர்த்துவிட்டேன்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, லீவு மாதங்களில் அந்த அறையில் எப்படிப் பொழுது போனது என்று சும்மாதான் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொழந்தைக்காக மட்டும்தான் நான் ஒனக்கு வேணும்போலன்னு நெனச்சுகினு படுத்துனு இருப்பேன்."