பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்

பத்து வயதில் அண்ணன் மீது பொறாமைப்பட எனக்கு மூன்று காரணங்கள் இருந்தன. நைனா அவனை மட்டும் படகில் ஏற்றிக்கொள்வார். குழம்பில் பெரிய மீன் அவன் தட்டுக்குத்தான் போகும். மூன்றாவதுதான் தாங்க முடியாதது: எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனாலும் இன்ஜின் அவன் பொறுப்பில் இருந்தது.

"நானும் வரேன் நைனா" என்றால், "பாடுக்குப் போற எடத்துல பொட்டப்புள்ளைக்கு இன்னா வேல?" என்பார்.

ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு. அதுதான் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம் எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். நீரோட்டம் திரும்புவதற்குள் போய்ச் சேராவிட்டால், போனது போனதுதான்.

அப்படி ஒரு நாளுக்கு முந்தின சாயங்காலம், படகைத் தள்ளும் ஃபேனின் நட்டை முறுக்கிவிட்டு அண்ணன் விளையாடப் போனான். அவன் பெட்டியிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை இரண்டு சுற்று தளர்த்தினேன். காலையில் கரையிலேயே படகு நகராமல் நிற்க வேண்டும், எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

கரையில் ஃபேன் பிடித்துக்கொண்டது. நடு ஏரியில் வழுக்கியது. இன்ஜின் கத்த, தண்டு மட்டும் சுற்றியிருக்கிறது. அண்ணன் பெட்டியைத் திறந்து, ஸ்பேனர் தேடி, இறுக்கி முடிப்பதற்குள் நீரோட்டம் திரும்பிவிட்டது.

இறாலுக்காக அம்மா வாங்கி வைத்திருந்த ஐஸ் பாதி கரைந்தபோது, காலிக் கூடையோடு வந்தார்கள்.

"இன்னாத்தடா முறுக்குன நீ?" என்று நைனா கத்தினார்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான். "சரியா முறுக்கல நைனா. என் தப்புதான்."

முதுகில் இரண்டு அறை விழுந்தது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த சித்தப்பா, "வுடுண்ணா, ஒத்துக்கினான் பாரு. அவன்தான் ஆம்பள" என்றார். வீட்டில் இருந்த ஒரே மடவை மீனையும் அம்மா அவனுக்கே வைத்தாள். அடி வாங்கியும் அவனுக்குத்தான் பெருமையா? என் பட்டியலில் நான்காவது காரணம் சேர்ந்தது.

இப்போது ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. முடித்ததும் ஸ்பேனர்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்காமல் பெட்டியை என்னால் மூட முடியாது. பத்து வயதிலும் அப்படித்தான்.

அண்ணனின் பெட்டியில் எல்லாம் குவியலாகவே கிடக்கும். அன்று நடு ஏரியில் அவன் அதைத் திறந்தபோது, எல்லா ஸ்பேனரும் நம்பர் வாரியாக வரிசையில் படுத்திருந்திருக்கும்.