வெளிச்சக்காரரின் பாலம்

வியாழக்கிழமை காலை கவரைப்பேட்டையிலிருந்து தொலைபேசி வந்தது. "வக்கீல் சார், நம்ம அருளப்பன் அண்ணன் பூட்டாரு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உயிர் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டேன். தொழில் பழக்கம், வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எஃகு அச்சுகளில் எழுத்து வெட்டி ஓய்வுபெற்றவர் அருளப்பன் அவர்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரமாணப் பத்திரத்துக்காக வந்தவர், என் மேசையில் கிடந்த பிரெஞ்சு அஞ்சல்தலையை விரல்நுனியால் தடவினார். "இது கையால வெட்னது சார். மை மேல நிக்குது பாரு." அதன்பின் ஞாயிறுதோறும் பிற்பகலில் வந்தார். எங்கள் இருவர் வீட்டிலும் வேறு குரல் இல்லை.

நாங்கள் ஓர் ஆல்பத்தில் சேர்த்த பிரெஞ்சு அஞ்சல்தலைகளின் அடியோரத்தில் செதுக்கியவரின் பெயர் பொடியெழுத்தில் இருக்கும். அதைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, யாருடைய கை என்று வாதிடுவோம். பிரெஞ்சுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அவரே பெயர் சூட்டினார். கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுபவர் இருட்டுக்காரர். காகிதத்தை வெறுமையாக விட்டே ஒளியைக் காட்டுபவர் வெளிச்சக்காரர்.

"இந்தாளு ஒரு எடம் காலியா உடமாட்டான் சார், உன் பத்திரம் மாதிரி. அவனப் பாரு, கன்னத்துல ஒரு கோடு இல்ல. வெளிச்சம் தானா வந்துகினு கீது."

ஒரு பாலம் மட்டும் தீரவில்லை. பாலப் படம் போட்ட, அடியோரம் கிழிந்து பெயர் இல்லாமல் போன அஞ்சல்தலை அது. அஞ்சல்தலை விவரப் பட்டியலைப் புரட்டுவதில்லை என்பது எங்கள் உடன்பாடு. வெளிச்சக்காரர் என்றார் அவர். வளைவுகளின் உட்புறத்து அடர்ந்த கோடுகளைக் காட்டி, சான்று போதாது என்றேன் நான். "நீ ஒத்துக்கினாதான் பேர எழுதுவேன்," என்று ஆல்பத்தில் அதன் அடியில் இடம் விட்டுவைத்தார்.

சென்ற ஞாயிறு, மருத்துவமனையில், ஆல்பத்தை என் கையில் கொடுத்துக் கேட்டார்: "இப்பவாவது சொல்லு சார். யாரு கை?"

பாலத்தடி ஆற்று நீரில் ஒரு கோடும் இல்லை, அது வெளிச்சக்காரர் கைதான் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே கண்டிருந்தேன். ஆயினும், "அடுத்த வாரம் லென்ஸ் எடுத்துட்டு வந்து பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

"வாய்தா வாங்கிட்டியா?" என்று சிரித்தார்.

வாதம் முடிந்தால் அவர் வருவதும் நின்றுவிடுமோ என்று அஞ்சினேன். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்று ஞாயிறு. எதிர் நாற்காலி காலி. லென்ஸ் தேவைப்படவில்லை. அவர் விட்டுவைத்த இடத்தில் 'வெளிச்சக்காரர்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மை காயும்வரை ஆல்பத்தை மூடவில்லை.

போய் வாருங்கள், அருளப்பன் அவர்களே. பாலத்தின் அடியில் தண்ணீர் வெறும் காகிதமாகவே இருக்கிறது, நீங்கள் சொன்னபடி.