தீவில் மெட்ரோ உண்டா?

பிள்ளைகளே, விசா வேலையாக டெல்லி வந்த அப்பா இப்போது கோல் மார்க்கெட்டில் ஒரு டிராவல் ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கரீபியனில் நர்ஸாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கு நாம் போகும் சமயத்தில் ஒரே நாள்தான் லீவு. அன்று எல்லோரும் பக்கத்து டைவிங் தீவுக்குப் படகில் போய்விட்டு இரவுக்குள் திரும்பியாக வேண்டும். மறுநாள் விடிந்தால் அவளுக்கு டியூட்டி.

ஏஜென்ட் டெல்லியிலேயே பிறந்த தமிழர். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார்.

"சாயங்காலம் திரும்பி வரப் படகு உண்டா தம்பி?"

"இருக்கு அங்கிள், டென்ஷன் எடுக்காதீங்க."

"என் பசங்களுக்கு நீச்சல் தெரியாது. கடலுக்குள்ள எறக்குவாங்களா?"

"ஜரூர் அங்கிள், கண்டிப்பா எறக்குவாங்க! ஜல்தியா புக் பண்ணுங்க."

எனக்கு எங்கேயோ உதைக்கிறது. சும்மா கேட்டுப் பார்க்கிறேன்.

"அந்தத் தீவுல மெட்ரோ எங்க நிக்கும்?"

"படகை விட்டு எறங்கினா எதிர்லயே ஸ்டேஷன், அங்கிள். ஃபுல் ஏசி!"

பாஸ்போர்ட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுகிறேன். சாயங்காலப் படகு உண்டென்று சொன்னதும் இதே வாய்தானே?

அம்மாவையே படகுத்துறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். படகு இல்லையென்றால் அன்று முழுக்க அவள் அறையிலேயே இருப்போம். நாம் போவது அவளைப் பார்க்கத்தான்.