பேர் சொல்லாத ஃபைனல்

மாமல்லபுரத்தில் அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது பெஞ்சமினைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவரும் இல்லை. ஆனாலும் மதியம் வரை ஒவ்வோர் அலைக்கும் ஒரு குணம் கொடுத்துப் பேசினார். இது பொல்லாத அலை, இது ஏமாற்றுக்கார அலை, இது கோவளத்திலிருந்தே கோபத்தோடு கிளம்பி வந்த அலை. கரையில் நின்ற கூட்டம் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்துக் கைதட்டியது. பெஞ்சமின் யார் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சொந்த ஊர் படாளம். அப்பா சின்னராசு அடுத்தவர் கழனியில் உழைத்து மகனை டிகிரி வரை கொண்டுவந்தார். பெஞ்சமினுக்கு இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஷட்டிலும் கேபும் அனுப்பும் வேலை. வாரம் முழுக்க போனில் டிரைவர்களோடு மல்லுக்கட்டுவார். சனி, ஞாயிறு வந்துவிட்டால் ஆளே வேறு. சர்ச் கலைவிழாவில் பிடித்த மைக், கபடிக்குப் போய், கிரிக்கெட்டுக்குப் போய், கடைசியில் செங்கல்பட்டு பாஸ்கெட்பால் கோர்ட்டில் வந்து சேர்ந்தது. அங்கே அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. என் பெயர் எல்லப்பன். புள்ளி விழுந்தால் ஸ்கோர் போர்டு பட்டனை அழுத்துவது என் வேலை. பேசுவது என் வேலை இல்லை, அதில் எனக்கு விருப்பமும் இல்லை.

கோடை லீக்கை யூடியூபில் காட்டுகிறவர் ஹரிசங்கர். நாவலூரில் சாஃப்ட்வேர் வேலை. சேனலைச் சொந்த ஆசையில் நடத்துகிறார். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுக்காமல் யாரையும் அனுப்பமாட்டார். ஆனால் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் பெஞ்சமினை ஓரமாக அழைத்துப்போய், இன்றைக்கு என்ன கதை என்று முடிவு செய்துவிடுவார். பந்து மேலே போவதற்கு முன்பே கதை ரெடி. கேமராவும் அந்தக் கதையின் பின்னால்தான் போகும். பெஞ்சமினுக்கு ஒரு கட்டளை உண்டு: கோர்ட்டைப் பார்த்துப் பேசக்கூடாது, எதிரில் இருக்கும் சின்னத் திரையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வீட்டில் இருப்பவன் எதைப் பார்க்கிறானோ அதைத்தானே விளக்க வேண்டும் என்பது ஹரியின் நியாயம். அதாவது, கோர்ட்டிலிருந்து ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெஞ்சமின் பாதி ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். லைவில் போகிற அதே குரல்தான் கோர்ட்டைச் சுற்றிக் கட்டிய ஒலிபெருக்கியிலும் வரும். பெரிய டிவியில் ஆடுகிறவர்களுக்குத் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஆட்டம் முடியும்வரை தெரியாது. எங்கள் ஊரில் உடனே தெரியும். ரெஃப்ரிக்கும் தெரியும்.

இந்த வருடப் பெண்கள் லீக்குக்கு ஹரி எடுத்த கதை மேக்னா. நாவலூர் அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் அணியின் கேப்டன். முழங்காலில் அறுவைசிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து ஆட வந்திருந்தாள். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? எதிரணி செங்கல்பட்டு. அதில் உயரமான பெண் சிநேகா, படாளத்துக்காரி. பிளஸ் டூ முடித்திருந்தாள். ஓ.எம்.ஆரில் ஒரு காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் ஃபீஸும் ஹாஸ்டலும் இலவசம். கிடைக்காவிட்டால் அம்மாவோடு ஹவுஸ்கீப்பிங் வேலை. அவளுக்கு இருந்தது இந்த இரண்டே வழி.

முதல் மேட்ச்சில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு இரண்டு பேரும் குதித்தார்கள். மேக்னா இறங்கும்போது சிநேகாவின் பாதத்தின் மேல் இறங்கி, சரிந்து விழுந்தாள். சிநேகா இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்ற இடத்திலேயே இருந்தாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். திரையில் தெரிந்தது முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த மேக்னாவின் முகம் மட்டும்.

பெஞ்சமின் சொன்னார், ‘மு’வை ஒரு முழம் நீட்டி: “முரட்டு சிநேகா! அறுத்துத் தைச்ச முட்டிம்மா அது!”

மேக்னா கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். சிநேகாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அதற்கு முன்பே கிளிப்பை வெட்டிவிட்டார் ஹரி. அடியில் சோகமான இசையும் போட்டார். மறுநாள் செங்கல்பட்டிலிருந்து கேளம்பாக்கம் வரை போன் வைத்திருந்தவன் எல்லாம் பார்த்துவிட்டான்.

அதற்கப்புறம் அந்தப் பெண் பெயர் தனியாக வரவே இல்லை. பந்தைத் தொட்டால் முரட்டு சிநேகா, தண்ணீர் குடித்தால் முரட்டு சிநேகா. கூட்டம் சேர்ந்து கத்தும், பெஞ்சமினுக்கு உற்சாகம் தாங்காது. ரெஃப்ரியை நான் குறை சொல்லவில்லை, அவரும் காது உள்ள மனிதர். ஆனால் சிநேகா மூச்சுவிட்டாலே விசில் வந்தது. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே உட்கார வேண்டும் என்பது விதி. அடுத்து வந்த எல்லா மேட்ச்சிலும் பாதி ஆட்டத்துக்குள் அவள் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் பெஞ்சமினிடம் கேட்டே விட்டேன், அந்தப் பிள்ளை உனக்கு என்னய்யா செய்தது என்று. அவருக்கு அதில் கோபமே இல்லை.

“அண்ணாத்த, பந்து போச்சு பந்து வந்துச்சுன்னு சொல்லிக்கினு இருந்தா எவன் பாப்பான்? ஒரு நல்லவ, ஒரு பொல்லாதவ இருந்தாதான் மேட்ச்சு. அலைக்கே பொல்லாத அலைன்னு சொல்றோம், அதுவா வந்து கோச்சிக்கிச்சி?”

அலை கோபித்துக்கொள்ளவில்லைதான். சாராள் கோபித்துக்கொண்டார்.

சாராள் சிநேகாவின் அம்மா. படாளத்தில் பெஞ்சமின் வீட்டுத் தெருவேதான். சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, பெஞ்சமின் அனுப்பும் ஷட்டிலில்தான் தினமும் வீடு திரும்புவார். செங்கல்பட்டு அணியின் கோச் ஹெலன் மிஸ், சிநேகாவுக்காக அந்தக் காலேஜ் கோச் ஜெயகிருஷ்ணனிடம் பேசியிருக்கிறார். வீடியோ பார்த்தேன், அந்த மாதிரி பெண் டீமுக்குள் வந்தால் டீமே கெட்டுவிடும் என்று அவர் சொல்லிவிட்டாராம். இது சாராள் காதுக்கு வந்த அன்று, ஷட்டில் கிளம்பும் இடத்தில் பெஞ்சமினை நிறுத்தினார். திட்டவில்லை என்று பெஞ்சமினே என்னிடம் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றும் சொன்னார்.

“நல்ல பொண்ணுன்னு நீ ஒண்ணும் சொல்ல வாணாம் பெஞ்சமினு,” என்றாராம் சாராள். “ஃபைனல்ல அவ பேரயே எடுக்காத. அது போதும்.”

“சரிக்கா,” என்றிருக்கிறார் இவர்.

சொல்லிவிட்டாரே தவிர, அது அவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று ஃபைனல் அன்றுதான் புரிந்தது. ஒரு பெண்ணை விட்டுவிட்டு அவள் ஆடுகிற மேட்ச்சைப் பேசுவது எப்படி?

அன்று செங்கல்பட்டு அணிக்கு ஒரு நகைக்கடைக்காரர் புது ஜெர்சி வாங்கிக் கொடுத்திருந்தார். வந்த அளவில் யாருக்கு எது பொருந்துகிறதோ அதுதான் நம்பர். இருந்ததிலேயே நீளமானது பதினொன்று, அது சிநேகாவுக்குப் போனது. லீக் முழுக்க அவள் ஏழாம் நம்பர். ஹெலன் மிஸ் என்னிடம் வந்து புது நம்பர்களை எழுதவைத்துவிட்டுப் போனார். ஹரிக்கு அதில் எல்லாம் அக்கறை இல்லை. அவர் கதை முடிவாகியிருந்தது: மேக்னா கோப்பையைத் தூக்குகிறாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்தே சிநேகா கைக்கு வந்தது. பெஞ்சமின் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “பதினொன்னு,” என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அவ்வளவுதான். பதினொன்று எடுத்தது, பதினொன்று கொடுத்தது, பதினொன்று போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஹரி கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், முரடு எங்கே என்று உதட்டசைவிலேயே கேட்டார். பெஞ்சமின் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூட்டத்துக்குக் கத்த ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கத்துவதை மறந்து ஆட்டத்தைப் பார்த்தது. விசில் வரவேண்டிய இடத்தில் மட்டும் வந்தது. சிநேகா எப்போதும் போலத்தான் குதித்தாள், எப்போதும் போலத்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கடைசிவரை பெஞ்சுக்குப் போகாமல் ஆடினாள். என் விரல் அவளுக்காகவே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு ஜெயித்தது. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஸ்கோர் போர்டுக்காரன் கைதட்டக்கூடாது, தட்டவில்லை.

சிறந்த ஆட்டக்காரர் பரிசு மேக்னாவுக்குப் போனது. ஆன்லைன் ஓட்டு. வீட்டிலிருந்து பார்த்தவர்கள் காதில் அன்று அதிகம் விழுந்த பெயர் அதுதானே, வேறு யாருக்குப் போடுவார்கள்? மேக்னா அதைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். சிநேகா வரிசையில் பின்னால் நின்று கைதட்டினாள். பெஞ்சமின் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “பேர் சொன்னாலும் தப்பாப் பூடுது, சொல்லாங்காட்டியும் தப்பாப் பூடுது. இன்னா பேஜாரு இது.”

அடுத்த ஞாயிறு நாங்கள் கோர்ட்டில் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு போன் வந்தது. இரண்டு கையிலும் வேலை, ஸ்பீக்கரில் போட்டார். காலேஜ் கோச் ஜெயகிருஷ்ணன். ஃபைனலை லைவில் பார்த்தாராம். மேக்னா நன்றாக ஆடினாள், ஆனால் எனக்கு அந்தப் பதினொன்றாம் நம்பர் வேண்டும் என்றார். அவ்வளவு நெருக்கடியிலும் எவ்வளவு அமைதி, எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த பெண், ஆட்டம் முழுக்க நீங்கள் பேரே சொல்லவில்லையே, யார் அது? உங்கள் ஊரிலிருந்து ஒரு முரட்டுப் பெண்ணைச் சிபாரிசு செய்தார்கள், அவளுக்குக் கேட்ட இடம் இன்னும் காலிதான், இவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

பெஞ்சமின் வயரைக் கீழே போட்டார். என்னைப் பார்த்தார்.

“சிநேகா சார்,” என்றார்.

“அந்தப் பொண்ணா?”

“அதே பொண்ணுதான் சார்.”

“அப்படின்னா எப்படி இவ்வளவு மாறினா?”

“அவ மாறல சார். எப்பவும் ஆடுற மாதிரிதான் ஆடுனா. நான்தான் அன்னிக்கு அவ பேரச் சொல்லாம வுட்டுட்டேன்.”

திங்கட்கிழமை காலையில் அனுப்புங்கள், நானே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று ஜெயகிருஷ்ணன் வைத்துவிட்டார். பெஞ்சமின் ஒரு கேப் ஏற்பாடு செய்து அம்மாவையும் பெண்ணையும் அனுப்பினார். அவரையும் கூப்பிட்டார் சாராள். நான் வந்தால் வாய் சும்மா இருக்காது என்று போகவில்லை. சீட் கிடைத்தது. அந்தக் கிளிப்பை எடுத்துவிடச் சொல்லி ஹரியிடம் நாலைந்து தடவை கேட்டார். சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான் என்று ஹரி எடுக்கவில்லை. பெஞ்சமின் அவரோடு சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மைக் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஒரு மாற்றம் மட்டும் உண்டு: இப்போது திரையைப் பார்ப்பதற்கு முன்னால் கோர்ட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்.

சிநேகா காலேஜ் அணிக்கு ஆடிய முதல் மேட்ச்சுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். கேலரியில் மற்றவர்களோடு உட்கார்ந்தோம். அங்கே வேறு யாரோ மைக்கில் அணியை அறிவித்தார்கள், அவள் பெயரைச் சாதாரணமாகச் சொன்னார்கள். அவள் ஓடி வந்து கையை உயர்த்தினாள். எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பையன், ‘மு’வை ஒரு முழம் நீட்டி, “முரட்டு சிநேகா!” என்றான். அச்சு அசல் பெஞ்சமின் குரல். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பெஞ்சமின் திரும்பிப் பார்க்கவில்லை. ரெஃப்ரியின் வாயிலிருந்த விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.